வில்சன் பேரில் போட்ட தூண்டில்

முருகன் துணை

மணிமங்கலம்
10.6.91

அன்புள்ள மச்சான் வில்சனுக்கு,

கண்ணப்பன் எழுதுவது. நானும் மரகதமும் சௌக்கியம். உன் வீட்டில் ஜாஸ்மினும் குழந்தை ஷெர்லினும் சௌக்கியம். நேற்று படப்பைக்குப் போய் நேரில் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீ சௌக்கியமா என்று கேட்க மாட்டேன். கம்பெனி செலவில் ஓசூர் குளிரில் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குகிறவனுக்கு என்ன கேடு?

லைனில் உன் இடத்தில் ஒரு புது ஆளைப் போட்டிருக்கிறார்கள். மிஷினைத் தொடுவதற்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறான். சூப்பர்வைசர் தினமும் என்னிடம் வந்து, "வில்சன் ட்ரெயினிங் முடிஞ்சி எப்பய்யா வருவான்?" என்கிறார். என்னமோ நான்தான் உன்னை ஒளித்து வைத்திருக்கிற மாதிரி.

ஏரிக்கதைக்கு வருகிறேன். போன மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு நம் ரோட்டில் போலீஸ் கெடுபிடி இன்னும் அடங்கவில்லை. பாண்டுரங்கன் தூண்டில் குச்சிகளைப் பழைய வேட்டியில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தானா, மடக்கிவிட்டார்கள். "இன்னாய்யா இது நீட்டா?" "தூண்டிலு சார்." "அந்த டப்பால இன்னா?" "புழு சார்." திற என்று சொல்லிப் பார்த்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு போ போ என்று விரட்டியிருக்கிறார்கள். என்னிடம் வந்து சேர்ந்தபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நம் தூண்டில் சங்கத்துச் சட்டத்தை நான் மீறவில்லை. ஞாயிற்றுக்கிழமை வராதவனுடைய தூண்டில் அவன் இடத்தில் நிற்க வேண்டும். போடும்போது அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதில் விழுவது அவன் வீட்டுக்குப் போக வேண்டும். காய்ச்சல், கல்யாணம் என்று ஒரு வாரம் மட்டம் போடுகிறவனைக் கிண்டல் பண்ணத்தானே இதை வைத்தோம்? இத்தனை வாரம் சேர்ந்தாற்போல வராத முதல் ஆள் நீதான். மதகுக்குப் பக்கத்தில் கருவேல மரத்தடியில் உன் மூங்கிலைச் செருகி, புழு கோர்த்து, "டேய் வில்சா, வாடா!" என்று கத்திப் போட்டேன். அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

எனக்குக் கெண்டைக் குஞ்சுகள். பாண்டுரங்கனுக்கு ஒரே ஒரு நண்டு, அதுவும் விரலைக் கடித்துவிட்டுப் போய்விட்டது. உன் தூண்டிலில் முழங்கை நீளத்துக்கு விரால்! பாண்டுரங்கனுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. "ஊர்லயே இல்லாதவனுக்கு விராலு, குந்திகினு கீறவனுக்கு நண்டா?" என்று ஏரியைப் பார்த்துத் திட்டினான். ஜாஸ்மின் குழம்பு வைத்து எங்களுக்கும் ஊற்றினாள். உன் பங்கை நான்தான் சாப்பிட்டேன்.

நீ இல்லாமல் கரை வெறிச்சென்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பதில் போடு. போடாவிட்டால் அடுத்த வாரம் உன் முள்ளில் பழைய செருப்பைக் கோர்த்துவிடுவேன்.

உன் மச்சான்
கண்ணப்பன்


இயேசுவே துணை

ஓசூர்
19.6.91

அன்புள்ள மச்சானுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே சுகம். உன் கடிதத்தை ரூமில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். பாண்டுரங்கனின் புழு டப்பாவுக்கு இங்கே நல்ல பேர்.

ரூமில் என்னோடு இரண்டு பேர். ஒருவன் தருமபுரிக்காரன், ஷிப்ட் முடிந்து வந்தால் கண்ணாடி முன்னால்தான் குடியிருப்பான். இன்னொருவர் திருநெல்வேலிப் பக்கம், சுடலைமுத்து என்று பேர். நல்ல மனுஷன். ஆனால் மீன் என்றால் கடல் மீன்தானாம், ஏரி மீனை எல்லாம் கணக்கில் சேர்க்க மாட்டாராம். நீ இங்கே இருந்திருந்தால் கைகலப்பே ஆகியிருக்கும்.

என் தூண்டிலில் விரால் விழுந்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பிடிக்கிறவன் கை ராசி அப்படி. நீ புழுவைக் கோர்க்கிற லட்சணத்துக்குக் கெண்டை கிடைப்பதே பெரிசு. விராலுக்குத் தவளைக்குஞ்சு போடு என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்?

ஒரு கூத்தைக் கேள். போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பி, கட்டிலில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தேன். கீழே யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. யாரென்று பார்க்க எழுந்தேன் என்றுதான் நினைப்பு. கண்ணைத் திறந்தால் விளக்கு வைக்கிற நேரம். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் இல்லை. "என்னவே, பொணம் கணக்கா ஒறங்குதீரு. மொகத்துல தண்ணி தெளிச்சும் அசையல்லியே!" என்றார் சுடலைமுத்து. ஓவர்டைம் பார்த்த அலுப்பு. வேறென்ன?

மரகதத்துக்கு என் வணக்கம். உன் வாய்க்கு ஒரு பூட்டு.

அன்புடன்
வில்சன்


முருகன் துணை

மணிமங்கலம்
8.7.91

டேய் திருட்டுப் பயலே,

இந்தத் தடவை நலம் விசாரிப்பு எல்லாம் கிடையாது. வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் போயிருக்கிறாயே, உனக்கே நன்றாக இருக்கிறதா?

நேற்று ஞாயிறு. வழக்கம்போல உன் பேரைச் சொல்லித் தூண்டிலைப் போட்டுவிட்டு, நானும் பாண்டுரங்கனும் ரோட்டுக் கடைக்கு டீ குடிக்கப் போனோம். திரும்பி வரும்போது ஆடு மேய்க்கிற மாரி எதிரே வந்தான். "இன்னா கண்ணப்பா, வில்சன் எப்ப வந்தாரு? எளச்சிப் பூட்டாரே" என்றான். யாரைச் சொல்கிறாய் என்று கேட்டேன். "அதான், கருவேல மரத்தாண்ட குந்திகினு கீறாரே. நெருப்புப் பெட்டி கேட்டேன். பேசாதே, மீனு கடிக்குதுன்னு சொல்ட்டாரு."

ஓடினேன். யாரும் இல்லை. உன் இடத்தில் புல் மட்டும் படிந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், ஈரம். தக்கை தண்ணீருக்குள் போயிருந்தது. இழுத்தால் மறுபடியும் விரால்.

மீனை எடுத்துக்கொண்டு நேரே படப்பைக்குப் போய், "எங்கே அவன்?" என்று ஜாஸ்மினைக் கேட்டேன். அவர் வரவே இல்லை அண்ணா என்கிறாள். அவளும் உன்னோடு கூட்டா? பாண்டுரங்கன் என்னடாவென்றால், டீக்கடையிலிருந்து வந்தது முதல் வாயைத் திறக்கவில்லை. அவன் வாயை மூடி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

லீவு போட்டு வந்தாயா, சொல்லாமல் வந்தாயா, எப்படிப் போனாய், எல்லாவற்றையும் ஒழுங்காக எழுது. கோபமாக இருக்கிறேன்.

கண்ணப்பன்


இயேசுவே துணை

ஓசூர்
18.7.91

அன்புள்ள மச்சானுக்கு,

ஆண்டவர் உனக்கும் மரகதத்துக்கும் நல்ல சுகத்தையும், மாரிக்கு நல்ல கண்ணாடியையும் தரட்டும்.

நான் வரவில்லையடா. ஷெர்லின் மேல் ஆணை. வந்தால் உன் முதுகில் ஒன்று வைக்காமல் போவேனா? அன்றைக்கும் நான் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன். வாராவாரம் இதே கதையாகிவிட்டது. காலையில் யாரோ கூப்பிடுகிறார்கள், அதற்கப்புறம் ஒன்றும் தெரிவதில்லை. சர்ச்சுக்குப் போய் மாதம் ஒன்றாகப் போகிறது.

நீ எழுதிய அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்தபோது பேன்ட் முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். "எந்த வயல்லவே நாத்து நடப் போனீரு?" என்று சுடலைமுத்து சிரித்தார். நானும் சிரித்தேன். உன் கடிதம் வந்து, தேதியைப் பார்த்த பிறகு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

விளையாட்டுக்குத்தான் சொல்கிறேன், ஒரு நாலு வாரம் என் தூண்டிலைப் போடாமல் இரு. சங்கம் கலைந்துவிடாது. பாண்டுரங்கன் ஏன் பேசவில்லை என்று கேட்டு எழுது.

அன்புடன்
வில்சன்


முருகன் துணை

மணிமங்கலம்
12.8.91

அன்புள்ள வில்சன்,

நாங்கள் நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஷிப்ட் மாற்றிவிட்டார்கள்.

மாரிக்குக் கண் சரியில்லை. ஆட்டுக்கும் நாய்க்குமே வித்தியாசம் தெரியாதவன், அவன் பேச்சை எடுத்துக்கொண்டு நான் உனக்கு எழுதியதே தப்பு. பாண்டுரங்கன் ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் பார்க்கிறேன் என்று ஏரிக்கு வருவதை நிறுத்திவிட்டான். இருக்கட்டும். இப்போதுதான் கரை அமைதியாக இருக்கிறது. மீனும் நன்றாகக் கடிக்கிறது. உன் வீட்டுக்கு வாரம் தவறாமல் கொடுத்துவிடுகிறேன்.

தருமபுரிக்காரன் கரன்ட் போன நேரத்தில் சோப்பு என்று நினைத்து வெல்லக்கட்டியால் முகம் கழுவிய கதையைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. எறும்பு மொய்த்த மூஞ்சியோடு கண்ணாடி பார்த்தானாமே! மரகதத்திடம் சொன்னேன், அவளும் சிரித்தாள்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

கண்ணப்பன்


இயேசுவே துணை

ஓசூர்
21.8.91

கண்ணப்பா,

எல்லாரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். நான் சுகமாக இல்லை.

வெல்லக்கட்டி விஷயத்தை நான் உனக்கு எழுதவில்லை. ஜாஸ்மினுக்கும் எழுதவில்லை. சோப்பு டப்பாவில் வெல்லத்தை வைத்ததே நான்தான் என்பதால் ரூமில்கூட மூச்சு விடாமல் இருந்தேன். உனக்கு அதைச் சொன்னது யார்?

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறவன் திங்கட்கிழமை விடிந்துதான் எழுந்திருக்கிறேன். தூங்குகிறேன் என்று இனி சொல்ல மாட்டேன், போகிறேன் என்றுதான் சொல்வேன். நகக்கண்ணில் சேறு இருக்கிறது. நம் ஏரிச் சேற்றின் வாடை எனக்குத் தெரியாதா? பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டே வருகிறேன். சட்டை ஹேங்கரில் தொங்குகிற மாதிரி என் மேல் தொங்குகிறது. ஈஎஸ்ஐயில் ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எல்லாம் எடுத்துவிட்டு ஒரு வியாதியும் இல்லை என்கிறார்கள். டாக்டர் என்னைப் பார்த்து, "ஏம்பா, சாப்பிடறியா இல்லையா?" என்கிறார். மூன்று ஆள் சாப்பாடு சாப்பிடுகிறேன். எங்கே போகிறதென்று தெரியவில்லை.

நீ எதையோ மறைக்கிறாய். உன் எழுத்தே சரியில்லை. கிண்டல் இல்லாமல் நீ கடிதம் எழுதி நான் பார்த்ததே கிடையாது. எனக்குப் பயமாக இருக்கிறதடா. உண்மையை எழுது.

வில்சன்


முருகன் துணை

மணிமங்கலம்
16.9.91

அன்புள்ள மச்சான்,

நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் முருகனை வேண்டிக்கொள்கிறேன். இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டு, பரவாயில்லை.

நீ வருகிறாய். ஒவ்வொரு ஞாயிறும் வருகிறாய்.

மாரி சொன்ன அடுத்த வாரமே நாங்கள் பார்த்துவிட்டோம். பட்டப்பகல். நான் உன் பேரைச் சொல்லித் தூண்டிலைப் போட்டேன். பாண்டுரங்கன் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான். திரும்பினால் நீ கருவேல மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாய், ஒரு காலில் ஷூ, ஒரு கால் வெறுங்கால். "புழுவாடா போட்ட? தவளைக்குஞ்சு போடுன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்கிறாய். பாண்டுரங்கன் சைக்கிளைக்கூட எடுக்காமல் ஓடினவன்தான். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. "அது வில்சன் இல்ல கண்ணப்பா, கூப்ட்டா வர்றது எல்லாம் கூப்ட்ட ஆளு இல்ல" என்று மட்டும் சொன்னான்.

நானும் அன்றைக்குப் பயந்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீ பேசப் பேச எனக்குப் பயம் போய்விட்டது. குரல் உன் குரல். சிரிப்பு உன் சிரிப்பு. சூப்பர்வைசர் நடக்கிற மாதிரி உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டினாய். நீ போனதிலிருந்து நான் அப்படிச் சிரிக்கவே இல்லையடா. மரகதத்தை இரண்டு பேருக்குச் சோறு கட்டித் தரச் சொல்கிறேன். ஏன் என்று கேட்டாள், பாண்டுரங்கனுக்கு என்று சொல்லிவிட்டேன். நீ சாப்பிடுவதில்லை. பக்கத்தில் வைத்தால் சோற்றுக்கு எறும்பு வருகிறது, உன் மேல் ஒரு எறும்பும் ஏறுவதில்லை. தண்ணீரை விட்டு முகத்தைத் திருப்புவதே இல்லை. உன் முகத்தை நான் பக்கவாட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

தூண்டிலைத் தூக்கினால் போய்விடுவாய். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் சாயங்காலம் நான் தூண்டில் நரம்பைச் சுற்ற ஆரம்பித்தவுடன் உன் பேச்சு தேய்ந்துகொண்டே போகும். அதனால் இப்போதெல்லாம் நான் சுற்றுவதில்லை. அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். விடிந்ததும் போய் மீனை மட்டும் கழற்றிக்கொள்கிறேன்.

யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன் மச்சான். நீ அங்கே வேலை பார்க்கிறாய், இங்கே என்னோடும் இருக்கிறாய். உனக்கு உடம்பு இளைப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோபப்படாதே.

கண்ணப்பன்


ஓசூர்
24.9.91

கண்ணப்பா,

என்னால் பேனா பிடிக்க முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல சுடலைமுத்து எழுதுகிறார்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். உன் மேல் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். அவன் சூப்பர்வைசர் மாதிரி நடித்தான் என்று கேட்டபோது எனக்குக்கூடப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நான் இங்கே நடித்துக் காட்டி எவ்வளவோ நாளாயிற்று. சிரிக்கத் தெம்பில்லை.

ஆனால் மச்சான், நான் செத்துக்கொண்டிருக்கிறேன். நீ தூண்டிலை அப்படியே விட்டுவிட்டு வர ஆரம்பித்ததிலிருந்து என்னைச் செவ்வாய்க்கிழமை வரைக்கும் எழுப்ப முடியவில்லையாம். மூச்சு இருக்கிறதா என்று கண்ணாடியை மூக்கில் வைத்துப் பார்க்கிறார்கள். ஏதாவது ஒரு வாரம் எழுந்திருக்காமலே போய்விடுவேன். ஷெர்லின் இன்னும் அப்பா என்று சொல்லப் பழகவில்லை.

தூண்டிலைத் தூக்கிவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

வில்சன்

அண்ணாச்சி, நான் சுடலைமுத்து எழுதுதேன். நாங்க ரெண்டு பேரும் பயந்து போய்க் கெடக்கோம். ஞாயித்துக்கெழம இவரு கட்டில்ல கெடக்கையில, கட்டிலுக்கடியில தண்ணி சொட்டுது. நான் தொடச்சேன். மீன் வாடை. எனக்கு இது என்னன்னு தெரியாது. அவரு சொன்னதச் செஞ்சிருங்க, புண்ணியமாப் போகும்.


மணிமங்கலம்
3.10.91

அன்புள்ள வில்சன்,

நலம். தூண்டிலை எடுத்துவிட்டேன். இனிமேல் கவலைப்படாதே. நன்றாகச் சாப்பிடு.

கண்ணப்பன்


கர்த்தர் நல்லவர்

ஓசூர்
15.10.91

கண்ணப்பன் அண்ணாவுக்கு, ஜாஸ்மின் எழுதுவது.

நீங்களும் மரகதம் அண்ணியும் நன்றாக இருங்கள். உங்களை நான் சபிக்கமாட்டேன். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும்.

குழந்தையை எடுத்துக்கொண்டு இங்கே வந்து பத்து நாளாகிறது. இவரைப் பார்த்ததும் இவர்தான் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வைதான் கிடக்கிறது என்று நினைத்தேன். பேச்சு நின்றுவிட்டது. பாலைக் கரண்டியில் எடுத்து ஊற்றுகிறேன். உதடு மட்டும் சில சமயம் அசைகிறது. குனிந்து காதை வைத்துக் கேட்டால், "கடிக்குது, கடிக்குது" என்கிறார்.

தூண்டிலை எடுத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். படப்பை வீட்டில் இருக்கும் என் அக்கா அன்னபுஷ்பம் நேற்று தபாலாபீசிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினாள். நேற்றுக் காலையும் நீங்கள் விரால் கொண்டுவந்து கொடுத்தீர்களாமே? இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய அளவுக்கு இருந்ததாமே?

அண்ணா, அந்த மீனை எல்லாம் நான் குழம்பு வைத்தேன். குழந்தைக்கு முள் பார்த்து ஊட்டினேன். எதைத் தின்றோம் என்று இப்போதுதான் புரிகிறது.

உங்களுக்கு அவர் பேச்சுத் துணை. எனக்கு அவர் புருஷன். இந்தப் பெண்ணுக்கு அப்பா. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குமேல் இவர் தாங்க மாட்டார் என்று எனக்குத் தெரிகிறது. நீங்கள் கெட்டவர் இல்லை. நீங்கள் கெட்டவராக இருந்திருந்தால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன், நேரே வந்து உங்கள் வாசலில் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன்.

ஜாஸ்மின்


முருகன் துணை

மணிமங்கலம்
21.10.91

தங்கச்சி ஜாஸ்மினுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. ஷெர்லின் பாப்பா நூறு வயசு இருக்கட்டும்.

நேற்று தூண்டிலைத் தூக்கிவிட்டேன். இந்தத் தடவை சத்தியம். இதை வில்சன் தெளிந்த பிறகு அவனுக்கும் படித்துக் காட்டு.

காலையில் ஏரிக்குப் போனபோது தூறிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் கூப்பிட வேண்டியதே இல்லை, அவன் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். நன்றாகப் பூசின மாதிரி உடம்பு. கன்னத்தில் சதை. வில்சன் கல்யாணத்தன்று இருந்த மாதிரி இருந்தான். "இன்னா மச்சான், மொகம் ஒரு மாதிரி கீது?" என்றான். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஷெர்லின் பேர் வந்த இடத்தில் அவன் தக்கையைப் பார்ப்பதை விட்டுவிட்டான். முதல் தடவையாக என் பக்கம் திரும்பினான். முழு முகத்தையும் பார்த்தேன் தங்கச்சி. அது வேறு எதுவும் இல்லை. பாண்டுரங்கன் சொன்னது தப்பு. அது வில்சன்தான்.

தூக்கட்டுமா என்று கேட்டேன். அவன் மறுபடியும் தக்கையைப் பார்த்தான். பிறகு ஒன்று சொன்னான். அதை நான் எழுத மாட்டேன். நஷ்டம் முழுக்க உனக்குத்தான், தெரிஞ்சிதான் தூக்கறியா என்று கடைசியில் கேட்டான். இருக்கட்டும்டா, அவன் பொழைக்கட்டும் என்று சொன்னேன்.

மூங்கிலைப் பிடித்தால் வரவில்லை. ஏரியின் அடியில் யாரோ மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருக்கிற கனம். சேற்றில் காலை ஊன்றி, மார்போடு அணைத்து இழுத்தேன். உள்ளங்கை கிழிந்து போனது. அவன் எழுந்து வந்து எனக்குப் பின்னால் நின்று, என் கைமேல் கை வைத்து, என்னோடு சேர்ந்து இழுத்தான். கை சில்லென்று இருந்தது. திடீரென்று நரம்பு தளர்ந்து நான் மல்லாக்க விழுந்தேன். எழுந்து பார்த்தால் கரையில் நான் மட்டும்தான். முள்ளில் ஒன்றும் இல்லை. புழு போட்டது போட்டபடி இருந்தது.

மூங்கிலை முறித்து டீக்கடை அடுப்பில் வைத்தேன். நனைந்த மூங்கில், எரியவே மாட்டேன் என்றது. எரிந்து முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். கடைக்காரர் எதற்கப்பா அழுகிறாய் என்றார். புகை என்று சொன்னேன்.

அவன் கண்ணைத் திறந்ததும் ஒரு வரி எழுதிப் போடு. வேறு ஒன்றும் வேண்டாம்.

உன் அண்ணன்
கண்ணப்பன்


இயேசுவே துணை

படப்பை
9.12.91

மதிப்பிற்குரிய திரு. கண்ணப்பன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமுடன் இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். பக்கத்து ஊரில் இருந்துகொண்டு தபாலில் எழுதுவதற்கு மன்னிக்கவும். அறிமுகம் இல்லாதவர் வீட்டுக்கு நேரில் வந்து நிற்பது முறையாகாது என்று நினைத்தேன்.

போன வாரம் நான் ஓசூரிலிருந்து வந்து இறங்கிய அன்று, தாங்கள் என் வீட்டு வாசலில் நின்று, "டேய் வில்சா" என்று கூப்பிட்டபோது நான் சற்றுக் கடுமையாகப் பேசிவிட்டேன். முன்பின் தெரியாதவர் ஒருமையில் கூப்பிட்டதும் கோபம் வந்துவிட்டது. தாங்கள் உடனே திரும்பிப் போய்விட்டீர்கள். அதன் பிறகு என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் உயிரைக் காப்பாற்றியவர் தாங்கள்தான் என்று சொல்கிறாள். எப்படி என்று கேட்டால் அழுகிறாள்.

என் உடம்பு இப்போது நன்றாகத் தேறிவிட்டது. அடுத்த மாதம் பழைய ஷிப்டிலேயே சேரப்போகிறேன். வியாதிக்கு முன் நடந்தது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் திருமணம், குழந்தை பிறந்த நாள், கம்பெனியில் நான் ஓட்டிய மிஷின், எல்லாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது மட்டும் தெரியவில்லை. மணிமங்கலம் ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். தண்ணீர் நிறைந்திருந்தது. நல்ல ஏரி. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நாம் ஒரே லைனில் வேலை பார்த்தவர்களாம். அப்படியானால் இனி தினமும் தங்களைப் பார்க்க நேரும். அதனால்தான் முன்கூட்டியே இதை எழுதுகிறேன். தங்களிடம் நான் ஏதாவது கடன்பட்டிருந்தாலோ, வாக்குக் கொடுத்திருந்தாலோ தயங்காமல் சொல்லுங்கள்.

என் பெட்டியில் தங்கள் கடிதங்கள் இருந்தன. அனுமதி இல்லாமல் படித்தேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் சிரித்துவிட்டேன். தாங்கள் மச்சான் என்று கூப்பிடுகிற அந்த வில்சன் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இப்படிக்கு
தங்கள் உண்மையுள்ள
த. வில்சன்